விளிம்புக்கு வெளியே பத்து சென்டிமீட்டர்

புந்தா அரேனஸில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
கதவைத் தட்டிவிட்டு வரும் பழக்கமும் இல்லை.
அந்தக் காற்றில் தொங்க
ஒன்பது மீட்டர் அகலம், ஆறு மீட்டர் உயரத்தில்
மகளின் முகம் வேண்டுமென்று வந்தார்
ராஜநண்டு ஆலையில் பெட்டி அடுக்கும்
எவரிஸ்தோ மான்சில்யா.

யாஸ்னா. பதினாறு வயது. கோல் காப்பவள்.
நாட்டின் இளையோர் அணிக்குத் தேர்வாகியிருக்கிறாள்.
படம் கைப்பேசியில் இருந்தது.
கைமாறிக் கைமாறி மெலிந்து
எழுநூற்று இருபது புள்ளி அகலம்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.

"பெரிசாக்க முடியாதா?"
முடியும். பெரிசாக்க ஒரு விசையே போதும்.
ஒரு புள்ளி ஒரு விரல் தடிமன் ஆகும்,
கன்னம் ஓடு பதித்த குளியலறை ஆகும்.

புத்தகத்தை ஒரு முழத் தூரத்தில் படிக்கிறோம்,
அதற்கு அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி.
உங்கள் சுவரை யார் எங்கிருந்து பார்ப்பார்கள்?
யோசித்தார். "பேருந்து நிறுத்தத்திலிருந்து.
நாற்பது மீட்டர் இருக்கும்."
அப்படியானால் பதினைந்து போதும்.
உங்களிடம் இருப்பது இரண்டு.
தூரம் நிறைய மன்னிக்கும்,
இவ்வளவு மன்னிக்காது.

இன்னொன்று.
ஓரத்தை மடித்து ஒட்ட
விளிம்புக்கு வெளியேயும் பத்து சென்டிமீட்டர் படம் வேண்டும்.
உங்கள் படம் இடப்பக்கம் சட்டைக் கையோடு நின்றுவிடுகிறது.
யாரோ வெட்டியிருக்கிறார்கள்.
வெட்டாதது இருக்கிறதா?

மேலங்கியின் ஜிப்பை மேலே இழுத்தார், கீழே இழுத்தார்.
"இருக்கிறது" என்றார்.
போய்விட்டார்.

வியாழக்கிழமை பென் டிரைவ் வந்தது, ஒரு உறைக்குள்,
உறை மேல் எதுவும் எழுதாமல்.
ஆறாயிரம் புள்ளி. புள்ளிக்கு அரிசி அகலம்.
இடப்பக்கம் ஒரு பெண்,
காற்று அவள் முடியை முகத்தில் எறிந்திருக்க
யாஸ்னாவின் சட்டைக் கையைப் பிடிக்கப் போகிறாள்,
அல்லது அப்போதுதான் விட்டிருக்கிறாள்.
படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இரவு கோப்பைக் கட்டினேன்.
பத்தில் ஒரு பங்கு அளவு: தொண்ணூறுக்கு அறுபது.
பெயரின் எழுத்துகளை உருவக்கோடுகளாக மாற்றினேன்,
அச்சு இயந்திரத்துக்கு என் எழுத்துருக்கள் தெரியாது,
தெரியாததைத் தெரிந்ததுபோல் அடித்துவிடும்.
திரையில் எரிந்த மஞ்சள் கையுறை
நான்கு மைக்கு இறங்கியதும் கடுகுச் சாந்தானது.
அதற்காக அரை மணி நேரம் சண்டை, பாதி வெற்றி.
கறுப்பு மட்டும் ஊற்றினால் கறுப்பு சாம்பலாகும்;
நீலம் கொஞ்சம், சிவப்பு கொஞ்சம்,
ஆசைப்பட்டு எல்லாவற்றையும் ஊற்றினால்
இந்தக் குளிரில் காயாது.
உருளையின் அகலம் மூன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு,
ஆக மூன்று பட்டை, இரண்டு மூட்டு.
சமமாகப் பிரித்தால் முதல் மூட்டு வலது கண்மணியில் விழுந்தது.
இருபது சென்டிமீட்டர் தள்ளினேன்.
சமம் என்பது எப்போதும் நியாயமில்லை.

பிறகு இடது ஓரம்.
பத்து சென்டிமீட்டருக்குள் வந்தது
நான்கு விரல் நுனி. நகங்கள்.
ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு,
ஒன்றில் சாயம் உரிந்திருந்தது.

ராதோமிரோ எட்டிப் பார்த்தான்.
"சட்டையையே கண்ணாடிபோல் திருப்பி ஒட்டு.
எப்படியும் மடிப்புக்குள்தானே போகிறது?"
எப்படியும் மடிப்புக்குள்தான் போகிறது என்றேன்.
அவன் தேநீர் போடப் போனான்.
நான் அழிக்கவில்லை.

வலைத்துணியில் அடித்தோம், காற்று ஊடே போகட்டும் என்று.
முப்பது சென்டிமீட்டருக்கு ஒரு கண்ணி,
சுற்றிலும் நூறு.
சூடான காற்றால் ஓரத்தைப் பின்புறம் மடித்து ஒட்டினான் ராதோமிரோ.
மடித்தால் அச்சு பின்னால் தெரியும்,
முன்னால் யாருக்கும் தெரியாது.

இப்போது நிறுத்தத்தில் நிற்பவர்கள் யாஸ்னாவைப் பார்க்கிறார்கள்.
பதினைந்து புள்ளியில் அவள் குறையில்லாமல் இருக்கிறாள்.
நீரிணையிலிருந்து காற்று வந்து துணியை உப்பவைக்கும்போது
இடது ஓரம் மட்டும் கொஞ்சம் விலகும்,
உள்ளே
சுவரைப் பார்த்தபடி நான்கு நகம்.

எவரிஸ்தோ பணம் கட்ட வந்தார். ரசீதைப் படித்தார்.
வலைத்துணி, ஐம்பத்து நான்கு சதுர மீட்டர்.
கண்ணி, நூறு.
ஓர மடிப்பு, கட்டணமில்லை.
கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றார்.
மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டார்.